படித்ததெல்லாம் தீர்ந்த பிறகு: புதிய ஃபேன்டசி நாவல்களைத் தேடுவோர் கேட்கும் கேள்விகள்

பிடித்த ஃபேன்டசி நாவல்களை எல்லாம் படித்து முடித்துவிட்டு, அடுத்து எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் என் சொந்த வாசிப்பிலிருந்து வருகின்றன. ஆகவே விருப்பு வெறுப்பு இல்லாமல் இருக்காது.

மிகவும் பிடித்த தொடர் முடிந்துவிட்டது. அதன்பின் எதை எடுத்தாலும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. எனக்கு ஃபேன்டசியே சலித்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஆறேழு பாகங்கள் கொண்ட தொடரைப் படித்தவர் மாதக்கணக்கில் அந்த உலகத்தில் குடியிருந்தவர். எந்த வழி எங்கே போகும், யார் எதற்குக் கோபப்படுவார், யார் சொல்வதை நம்பக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் ஊருக்குப் புதியவர். பெயர்கள் வாயில் நுழைவதில்லை, வரைபடம் பிடிபடுவதில்லை, யாருக்காகக் கவலைப்படுவது என்றும் தெரிவதில்லை. பழைய தொடரின் முதல் பாகத்தைத் தொட்டபோதும் இதே தடுமாற்றம் இருந்திருக்கும். கடைசிப் பாகத்தின் நெருக்கத்தில் அது மறந்துபோயிற்று. ஒன்றின் தொடக்கத்தை இன்னொன்றின் முடிவோடு தராசில் வைத்தால் தொடக்கம் தோற்கத்தான் செய்யும்.

ராபின் ஹாப் 1995 முதல் 2017 வரை ஒரே உலகத்தில் 16 நாவல்கள் எழுதினார். அவற்றின் கடைசிப் பக்கத்தை மூடியபோது நெருங்கிய ஒருவரை வழியனுப்பிவிட்டு வீடு திரும்பியது போல இருந்தது. அடுத்த இரண்டு மாதம் ஃபேன்டசி பக்கமே போகாமல் பயண நூல்களும் வரலாறும் படித்தேன். அந்த இடைவெளிக்குப் பிறகுதான் இன்னொரு கற்பனை நாட்டின் பெயர்களைக் கேட்கக் காது இடம் கொடுத்தது. உங்களுக்கும் அதையே சொல்வேன். அவசரப்பட்டு எடுத்துப் பாதியில் போட்ட புத்தகங்களை "பிடிக்காதவை" என்று எழுதிவிடாமல் தனியே வையுங்கள். அவற்றில் ஒன்றிரண்டு ஆறு மாதம் கழித்து உங்களை வாரி எடுத்துக்கொள்ளும்.

"இதே மாதிரி இன்னொன்று" என்று தேடும்போதெல்லாம் ஏமாற்றமே மிஞ்சுகிறது. ஏன்?

அப்படித் தேடும்போது கையில் கிடைப்பது வெளித்தோற்றத்தின் ஒற்றுமை. டிராகன் இருந்தால் டிராகன், மந்திரப் பள்ளி இருந்தால் இன்னொரு மந்திரப் பள்ளி, சிம்மாசனத்துக்குச் சண்டை என்றால் மறுபடியும் சிம்மாசனம். உங்களை அந்தப் புத்தகத்தோடு கட்டிப்போட்டது இவற்றில் எதுவுமாக இல்லாமல் இருக்கலாம்.

டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954-55-ல் மூன்று தொகுதிகளாக வந்தது. இதை உயிராக நேசிக்கும் நால்வரைக் கேட்டால் நான்கு காரணம் வரும். ஒருவருக்கு ஃபிராடோவை விட்டுப் பிரியாத சாம். ஒருவருக்கு இடிந்த கோட்டைகளும் மறந்த பாடல்களும், காலடி மண்ணுக்குக் கீழே ஆயிரம் ஆண்டுக் கதை புதைந்திருக்கிறது என்ற உணர்வும். மூன்றாமவருக்கு நடந்து நடந்து தீராத அந்த நிலம். நான்காமவர் போர்க்களங்களுக்காகப் படித்திருப்பார். இந்த நால்வருக்கும் ஒரே புத்தகத்தைப் பரிந்துரைத்தால் மூவருக்காவது அது சேராது.

அப்படியானால் எதை வைத்துத் தேடுவது?

எனக்குக் கைகொடுத்த வழி ஒன்றைச் சொல்கிறேன். மிகவும் பிடித்த மூன்று நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நீங்கள் அடிக்கடி திரும்பிப் போய்ப் படிக்கும் இடம் ஒன்று இருக்கும். அந்த இடத்தில் உங்களுக்கு என்ன நேர்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: மந்திரம், அரசன், டிராகன், வாள் ஆகிய சொற்கள் அதில் வரக்கூடாது. "யாரும் மதிக்காத ஒருவரிடம் முதன்முறையாக ஒருவர் அன்பாகப் பேசுகிறார்" என்று வரலாம். "இந்த இடத்தின் எல்லை எங்கே என்று தெரியவே தெரியாது" என்று வரலாம். மூன்று வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் பசி எது என்று தெரிந்துவிடும். அந்தப் பசிக்கு ஏற்பத்தான் அடுத்த புத்தகம்.

நல்ல மனம் படைத்தவர்கள் கடினமான இடத்தில் மாட்டிக்கொண்டு நேர்மையை விடாமல் மீள்வது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் கேத்ரின் அடிசனின் 'த காப்ளின் எம்பரர்' நாவலைத் தயங்காமல் எடுங்கள். 2014-ல் வந்தது. தந்தையும் அண்ணன்களும் வான்கப்பல் விபத்தில் இறந்துபோக, யாருக்கும் வேண்டாதவனாக ஒதுக்கி வளர்க்கப்பட்ட மாயா என்ற இளைஞன் ஒரே இரவில் பேரரசன் ஆகிறான். பெரும் போர் எதுவும் கிடையாது. அவையில் எப்படி உட்காருவது, யாரிடம் எவ்வளவு பேசுவது என்று அவன் கற்றுக்கொள்வதே கதை. பெயர்கள் முதல் ஐம்பது பக்கத்துக்குப் படுத்தும். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள். அதே பசிக்கு லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் 'த கர்ஸ் ஆஃப் சாலியன்' (2001) இன்னும் முதிர்ந்த விருந்து. போரிலும் அடிமைக் கப்பலிலும் உடல் நைந்துபோன ஒருவர் அரண்மனைக்குத் திரும்பி இளவரசிக்கு ஆசிரியராகிறார். ஃபேன்டசி நாயகன் இருபது வயதுக்காரனாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அந்தப் புத்தகம் எனக்குள் உடைத்தது. கடவுளர்கள் மனிதர்களுக்குள் இறங்கும் விதத்தை இவ்வளவு யோசித்து எழுதிய ஃபேன்டசி நாவலை நான் வேறு பார்க்கவில்லை.

இடம்தான் உங்களை ஈர்க்கிறது என்றால் சுசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020). முடிவற்ற மண்டபங்கள், மண்டபம் தோறும் சிலைகள், கீழ்த்தளங்களில் கடல் அலை. அதில் தனியே வாழும் ஒருவன் தன் நாட்குறிப்பை நமக்குக் காட்டுகிறான். 300 பக்கத்துக்கும் குறைவுதான். 2021-ல் புனைவுக்கான விமன்ஸ் பிரைஸ் பெற்றது. கதை என்னவென்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல் படிப்பது நல்லது, அதனால் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். இதே ஈர்ப்புக்கு, ஆனால் மிக மெதுவான நடையில், மெர்வின் பீக்கின் 'டைட்டஸ் குரோன்' (1946) இருக்கிறது. ஒரு பிரம்மாண்டமான கோட்டையும் அதன் அர்த்தம் இழந்த சடங்குகளுமே உலகம். மந்திரம் துளியும் இல்லை.

இழந்த நாட்டின் ஏக்கம் உங்களைத் தொடும் என்றால் கை கேவ்ரியல் கே எழுதிய 'டிகானா' (1990). வென்ற மன்னன் பழிவாங்க, ஒரு நாட்டின் பெயரையே மந்திரத்தால் அழித்துவிடுகிறான். அங்கே பிறந்தவர்களைத் தவிர வேறு யார் காதிலும் அந்தப் பெயர் விழாது, நினைவிலும் நிற்காது. பெயரை மீட்கப் போராடுகிறார்கள். ஒரே நாவலில் முடிந்துவிடும் கதை. மொழியையும் ஊர்ப்பெயரையும் உயிராக மதிப்பவர்கள் இதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

மந்திரத்துக்குத் தெளிவான விதிகள் இருக்க வேண்டும், நாயகன் அந்த விதிகளுக்குள் மூளையைக் கசக்கித் தப்ப வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு பிராண்டன் சாண்டர்சனின் 'மிஸ்ட்பார்ன்' முதல் மூன்று பாகங்கள் (2006-2008) போதும். உலோகத்தை விழுங்கி அதை உடலுக்குள் எரித்து ஆற்றல் பெறும் மனிதர்கள். நடை எளிமை, ஓட்டம் வேகம்.

எனக்குப் பிடித்த எழுத்தாளர்கள் எல்லோருடைய புத்தகங்களையும் முடித்துவிட்டேன். அவர்களைப் போல வேறு யார்?

அவர்களைப் போல எழுதியவர்களைத் தேடுவதற்கு முன், அவர்கள் எதைப் படித்து வளர்ந்தார்கள் என்று பாருங்கள். ஆற்றில் கீழ்நோக்கிப் போனால் கிளைகள் பெருகித் திசை குழம்பும். மேல்நோக்கி நடந்தால் ஊற்று வரும். எனக்குத் தெரிந்த வழிகளில் அதிகப் பலன் தந்தது இதுதான்.

டோல்கீனிலிருந்து மேலே ஏறினால் வில்லியம் மோரிஸ் வருவார். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் வரும் இறந்தோர் சதுப்பு நிலத்தை எழுதியபோது மோரிஸின் 'த ஹவுஸ் ஆஃப் த உல்ஃபிங்ஸ்' போன்ற கதைகளுக்குத் தான் கடன்பட்டதாக டோல்கீனே கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். இன்னும் மேலே போனால் ஃபின்லாந்தின் வாய்மொழிப் பாடல்களை எலியாஸ் லோன்ரோட் தொகுத்த 'கலேவலா' (1835, விரிவான பதிப்பு 1849). அதில் வரும் குல்லெர்வோவின் துயரக் கதைதான் டோல்கீன் எழுதிய, தூரின் என்ற நாயகனின் கதைக்கு விதை. 'த ஹாபிட்' நாவலின் குள்ளர்களின் பெயர்கள் பழைய நோர்ஸ் மொழியின் 'எட்டா' தொகுப்பிலுள்ள பாடலிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்தப் பெயர்ப் பட்டியலை மூலத்தில் முதன்முதலில் பார்த்தபோது பழைய நண்பர்களைச் சந்தித்த மகிழ்ச்சி எனக்கு.

அர்சுலா கே. லெ குவின் பன்னிரண்டு வயதில் வீட்டுப் புத்தக அலமாரியில் லார்ட் டன்சேனியின் கதைத் தொகுப்பு ஒன்றைக் கண்டெடுத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த நூலைத் தேடிப் போனால் 1905 முதல் 1920-கள் வரை டன்சேனி எழுதிய பெரிய உலகம் திறக்கும். 1924-ல் வந்த 'த கிங் ஆஃப் எல்ஃப்லேண்ட்ஸ் டாட்டர்' நாவலில் எர்ல் என்ற சிற்றூர் மக்கள் தங்களை ஆள மந்திரம் தெரிந்த ஒரு தலைவன் வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்டது கிடைக்கிறது. கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் சிக்கல். லெ குவினின் தந்தை மானுடவியலாளர் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அவருடைய எர்த்சீ நாவல்களில் வரும் தீவுகள் ஒவ்வொன்றின் பழக்கவழக்கமும் ஏன் அவ்வளவு நம்பும்படி இருக்கிறது என்பது புரியத் தொடங்கும்.

நார்னியா கதைகளை எழுதிய சி.எஸ். லூயிஸ் இளைஞராக இருந்தபோது ரயில் நிலையப் புத்தகக் கடையில் வாங்கிப் படித்த நாவல் ஜார்ஜ் மெக்டொனால்டின் 'ஃபேன்டாஸ்டெஸ்' (1858). தன் கற்பனையை மாற்றியது அது என்று அவர் பிறகு பலமுறை சொன்னார்.

பக்கவாட்டிலும் உறவு உண்டு. டோல்கீன் இறந்தபின் 'த சில்மரில்லியன்' (1977) நூலைத் தொகுக்க கிறிஸ்டஃபர் டோல்கீனுக்கு உதவிய இளைஞர்தான் பின்னாளில் 'டிகானா' எழுதிய கே. 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' (1986) எழுதிய டயானா வின் ஜோன்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் டோல்கீன், லூயிஸ் இருவரின் விரிவுரைகளையும் கேட்டவர். ஆனாலும் இந்த இருவரும் டோல்கீனைப் போல எழுதவில்லை. பக்கத்திலிருந்து கற்றவர்கள் தங்கள் வழியில் போயிருக்கிறார்கள். அந்த வேறுபாடே அவர்களைப் படிக்கத் தூண்டும் காரணம்.

பழைய நாவல்களில் நான் யாருக்கும் வலிந்து கொடுப்பது ஹோப் மிர்லீஸின் 'லட்-இன்-த-மிஸ்ட்' (1926). அவர் எழுதிய ஒரே ஃபேன்டசி நாவல். வியாபாரிகள் ஆளும், கணக்குவழக்கில் ஊறிய ஒரு நகரம். மாய உலகத்தின் பழத்தைப் பற்றிப் பேசுவதே அங்கே அசிங்கம். அந்தப் பழம் நகருக்குள் கடத்தி வரப்படுகிறது, மேயரின் சொந்த மகனே அதைத் தின்றுவிடுகிறான். பாதி துப்பறியும் கதை, பாதி மரண பயத்தைப் பற்றிய தியானம்.

நூறு ஆண்டுக்கு முந்தைய நூல்கள் எங்கே கிடைக்கும்?

மெக்டொனால்ட், மோரிஸ் இருவரின் நாவல்களும் டன்சேனியின் தொடக்ககால நூல்களும் 1971-ல் தொடங்கிய ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. அச்சில் வேண்டுமென்றால் பதிப்பாளர் வரிசைகளின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. லின் கார்ட்டர் தொகுத்த பேலன்டைன் அடல்ட் ஃபேன்டசி வரிசை (1969-1974) மறந்துபோயிருந்த பல நூல்களை மீண்டும் அச்சேற்றியது. கொலான்ஸ் பதிப்பகத்தின் ஃபேன்டசி மாஸ்டர்வொர்க்ஸ் வரிசை 2000-ல் தொடங்கியது. இந்த இரண்டு வரிசைகளின் தலைப்புப் பட்டியலே பல ஆண்டு வாசிப்புக்குத் தாங்கும்.

விருது பெற்ற நாவல்களை வரிசையாகப் படித்தால் போதாதா?

விருதுகள் உதவும். எந்த விருதை யார் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் இன்னும் உதவும். ஹியூகோ விருதுக்கு உலக அறிவியல் புனைகதை மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது வாசகர்கள், வாக்களிக்கிறார்கள். நெபுலா விருதுக்கு எழுத்தாளர்கள் வாக்களிக்கிறார்கள். 1975 முதல் வழங்கப்படும் வேர்ல்டு ஃபேன்டசி விருதை நடுவர் குழு முடிவு செய்கிறது. குழு ஆண்டுக்கு ஆண்டு மாறும். வாசகர்கள் பரபரப்பாகப் பேசிய நாவல் வேண்டுமா, எழுத்து நுட்பம் வேண்டுமா, விசித்திரமான ஒன்று வேண்டுமா என்பதைப் பொறுத்துப் பட்டியலைத் தேர்ந்துகொள்ளலாம்.

என் பழக்கம், வென்ற நூலோடு நிற்காமல் அந்த ஆண்டு இறுதிப் பட்டியல் முழுவதையும் பார்ப்பது. ஐந்தாறு நூல்களில் எனக்கானது தோற்ற ஒன்றாகவே பலமுறை இருந்திருக்கிறது.

வென்றவற்றில் இரண்டைச் சொல்லலாம். என்.கே. ஜெமிசினின் 'த ஃபிஃப்த் சீசன்' (2015) தொடங்கி அந்தத் தொடரின் மூன்று பாகங்களும் 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து ஹியூகோ வென்றன. நிலநடுக்கத்தை அடக்கும் ஆற்றல் உள்ளவர்களை அடிமையாக்கி வைத்திருக்கும் உலகம். கதையின் ஒரு பகுதி "நீ" என்று வாசகரை விளித்தே நகரும். வேதனையான கதை, மனம் சோர்ந்திருக்கும்போது தொடாதீர்கள். இன்னொன்று, முதல் வேர்ல்டு ஃபேன்டசி விருதைப் பெற்ற பட்ரீசியா மெக்கிலிப்பின் 'த ஃபர்காட்டன் பீஸ்ட்ஸ் ஆஃப் எல்ட்' (1974). சின்னப் புத்தகம், கவிதை போன்ற நடை. இன்றும் போதிய வாசகர்களைச் சென்றடையவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

முடிவு பெறாத தொடரைத் தொடங்கலாமா?

காத்திருக்கும் வேதனை வேண்டாம் என்றால் முடிந்த தொடரை எடுங்கள். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' தொடரில் ஐந்தாம் பாகம் 2011-ல் வந்தது, அதன்பின் நீண்ட காத்திருப்பு. ராபர்ட் ஜோர்டன் 1990-ல் தொடங்கிய 'த வீல் ஆஃப் டைம்' முடிவதற்கு முன் 2007-ல் அவர் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களை எழுதி 2013-ல் 14 பாகங்களாக முடித்து வைத்தார். ஆனால் ஒன்று: முதல் பாகமே தன்னளவில் நிறைவாக இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டால், முடியாத தொடரிலும் இழப்பு பெரிதாக இருக்காது.

நீண்ட தொடரை இப்போதுதான் முடித்தவர்களுக்குத் தனி நாவல்களைத்தான் சொல்வேன். 'பிரனேசி', 'டிகானா', 'லட்-இன்-த-மிஸ்ட்' எல்லாம் அப்படிப்பட்டவை.

டிஸ்க்வேர்ல்டு வரிசையில் 41 நாவல்களாமே. ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். டெர்ரி பிராட்செட் 1983-ல் எழுதிய முதல் நாவல் மற்ற ஃபேன்டசிக் கதைகளைக் கிண்டல் செய்யும் நூல். அவருடைய முழு வீச்சு அதில் தெரியாது. 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) மூலம் நுழையுங்கள். நகரக் காவல்துறையின் சீரழிந்த ஒரு பிரிவும் அதன் குடிகாரத் தலைவர் சாம் வைம்ஸும். அவர் அடுத்தடுத்த நாவல்களில் மனிதராக நிமிர்ந்து வருவதைப் பார்ப்பது பெரிய நிறைவு. தனியாக ஒன்றே ஒன்று போதும் என்றால் 'ஸ்மால் காட்ஸ்' (1992). கோடிக்கணக்கானோர் வணங்கும் கடவுளை உண்மையிலேயே நம்புகிறவன் ஒரே ஒருவன். அதனால் அந்தக் கடவுள் ஆமையாகச் சுருங்கிக் கிடக்கிறார்.

ஐரோப்பிய இடைக்காலம் போலவே எல்லா உலகமும் இருக்கிறது. சலித்துவிட்டது.

அப்படியென்றால் உங்களுக்கு முன்னால் பெரிய புதையல் இருக்கிறது. ஜப்பானின் நஹோகோ உவேஹாஷியில் தொடங்குங்கள். அவருடைய 'மோரிபிட்டோ' (1996) நாவலின் நாயகி பால்சா, முப்பது வயது ஈட்டி வீராங்கனை. உடலுக்குள் நீரின் ஆவியைச் சுமக்கும் இளவரசனை அவன் தந்தையின் ஆட்களிடமிருந்தே காப்பது அவள் வேலை. உவேஹாஷியும் மானுடவியலாளர். ஆதிக்குடிகளின் கதையை ஆள்பவர்கள் தங்களுக்கு ஏற்ப எப்படித் திருத்தி எழுதுகிறார்கள் என்பதுதான் நாவலின் நடுநரம்பு. 2014-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர்.

நைஜீரியாவின் ஆமோஸ் டுடுவோலா யொரூபா கதைகளின் மண்ணிலிருந்து எழுதிய 'த பாம்-வைன் ட்ரிங்கார்டு' (1952) எந்த இலக்கணத்துக்கும் அடங்காத நூல். தனக்குக் கள் இறக்கித் தந்தவன் மரத்திலிருந்து விழுந்து இறந்துவிட, அவனைத் தேடி இறந்தோர் ஊருக்கே நடக்கிறான் ஒருவன். பாட்டி கதை சொல்லும் வேகம். சீன வீரக்கதை மரபுக்கு ஜின் யோங். அவருடைய 'கான்டோர் ஹீரோஸ்' ஹாங்காங் நாளிதழில் 1957-59-ல் தொடராக வந்தது. ஆங்கிலத்தில் 2018 முதல் நான்கு தொகுதிகளாகக் கிடைக்கிறது. ஜெர்மானியரான மைக்கேல் எண்டேயின் 'த நெவர்எண்டிங் ஸ்டோரி' (1979) கதையைத் திரைப்படமாக மட்டும் அறிந்தவர்கள் புத்தகத்தின் இரண்டாம் பாதியை அவசியம் படிக்க வேண்டும். விரும்பியதெல்லாம் நடக்கும் உலகத்தில் ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு நினைவு விலையாகப் போகிறது.

தமிழில் படிக்க என்ன இருக்கிறது?

"தமிழில் ஃபேன்டசியே இல்லை" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தனி அலமாரியில் அந்தப் பெயர் ஒட்டி வைக்கப்படவில்லை, அவ்வளவுதான். ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) ஒரு கோயில் நகரத்தையே கற்பனையில் எழுப்பி, பல நூற்றாண்டுகளுக்கு அதை ஓடவிட்ட நாவல். கற்பனை உலகத்தின் ஆழத்தை விரும்புகிறவர்கள் அதைத் தத்துவ நாவல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. சிறுகதையில் புதுமைப்பித்தன். 'கபாடபுரம்', 'பிரம்ம ராக்ஷஸ்', 'காஞ்சனை' மூன்றையும் ஒரே மாலையில் படித்துப் பாருங்கள். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் தெருவில் இறங்கி வந்து மனிதரோடு சாதாரணமாகப் பழகுகிறார். இன்று அர்பன் ஃபேன்டசி (நகரத்தில் நடக்கும் மாயக் கதை) என்று விற்கப்படும் வகைக்கு அது மூத்த உறவு.

அதற்கும் மேலே ஊற்று உண்டு. குணாட்டியரின் பிருகத்கதை மரபிலிருந்து தமிழில் கொங்குவேளிரின் 'பெருங்கதை' வந்தது. அதே மரபிலிருந்து 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் 'கதாசரித்சாகரம்' எழுதினார். 18 நூல், 124 அலைகள் (அத்தியாயங்கள்). வித்யாதரர், வேதாளம், பறக்கும் வாள், கதைக்குள் கதை. நம்மில் பலர் சிறுவயதில் கேட்ட விக்கிரமாதித்தன்-வேதாளம் கதைகள் இதற்குள்ளேயே இருக்கின்றன. கதைக்குள் கதை என்ற அமைப்பு பிடித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய கடல் கிடையாது.

ஆங்கிலத்தில் படிக்க ஆசை. ஆனால் நடை கடினமாக இருந்தால் பின்வாங்கிவிடுகிறேன்.

'எ விசர்டு ஆஃப் எர்த்சீ' (1968) எடுங்கள். லெ குவினின் வாக்கியங்கள் தெளிந்த நீர். பக்கங்களும் குறைவு. அடுத்து 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்', அதன்பின் 'பிரனேசி'. பிராட்செட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவருடைய நகைச்சுவையில் பாதி ஆங்கிலச் சொல் விளையாட்டு. பீக்கும், வேண்டுமென்றே பழங்கால ஆங்கிலத்தில் எழுதிய ஃபேன்டசி நாவலாசிரியர் ஈ.ஆர். எடிசனும் கடைசியில். ஒலிநூலாகக் கேட்டால் புரியாத பெயர்களின் உச்சரிப்புத் தொல்லை தீரும். ஒரு அத்தியாயத்தைக் கேட்டுவிட்டு அதையே படிப்பது எனக்குத் தெரிந்த சிலருக்கு நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

எத்தனை பக்கம் வரை பொறுத்துப் பார்ப்பது?

புத்தகத்தின் தன்மையைப் பொறுத்தது. 250 பக்க நூல் 50 பக்கத்துக்குள் உங்களைத் தொடவில்லை என்றால் விட்டுவிடலாம். கிளார்க்கின் முதல் நாவலான 'ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நொரல்' (2004) போன்ற பெரிய நூலுக்கு அந்தக் கணக்கு அநியாயம். அதன் இரண்டு நாயகர்களில் ஒருவர் வந்து சேரவே வெகுநேரம் ஆகும். பக்க எண்ணிக்கையைவிட எனக்கு நம்பிக்கை தரும் சோதனை வேறு: புத்தகத்தை மூடிவைத்த பிறகு, வேறு வேலையில் இருக்கும்போது, அதன் மனிதர்களில் ஒருவராவது நினைவுக்கு வருகிறாரா? வந்தால் தொடருங்கள்.

சிறுவர்களுக்கான ஃபேன்டசியைப் பெரியவர்கள் படிக்கலாமா?

தாராளமாக. மேலே சொன்ன எர்த்சீ, ஹவுல், மோரிபிட்டோ, எண்டே எல்லாமே சிறுவர் அலமாரியிலிருந்து வந்தவைதான்.

இணையதளங்கள் தானாகக் காட்டும் பரிந்துரைகளை நம்பலாமா?

அவை உங்களைப் போன்றோர் அடுத்து எதை வாங்கினார்கள் என்பதைக் காட்டும். ஏற்கெனவே பலர் படிக்கும் நூலே மறுபடி மறுபடி மேலே வரும். மிர்லீஸும் மெக்கிலிப்பும் அந்தப் பட்டியலில் எளிதில் ஏற மாட்டார்கள். நட்சத்திர மதிப்பெண்ணைவிட, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதிய குறிப்புகளைப் படியுங்கள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று இரண்டையும் சொல்பவர்கள் அவர்கள்தான். "கதை மெதுவாகப் போகிறது, ஊரைப் பற்றியே பேசுகிறார்" என்று ஒருவர் குறையாக எழுதியதைப் படித்து, எனக்கு வேண்டியது அதுதான் என்று வாங்கிய நூல்கள் என்னிடம் உண்டு.

மனிதர்களிடம் கேட்கும்போதும் கேள்வியைக் கூர்மையாக்குங்கள். "நல்ல ஃபேன்டசி சொல்லுங்கள்" என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிந்த ஐந்து பெயர்களே வரும். பிடித்த மூன்று நூல், பிடிக்காமல் போன ஒரு நூல், முன்பு எழுதிய அந்த ஒற்றை வாக்கியம் ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். பிடிக்காத நூல்தான் பதில் சொல்பவருக்கு அதிக வெளிச்சம் தரும்.

பழைய புத்தகங்களையே மறுபடி படித்துக்கொண்டிருப்பது தவறா?

தவறே இல்லை. சில எழுத்தாளர்களே அப்படித் தங்கள் உலகத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள். லெ குவின் 1972-ல் மூன்றாம் பாகத்தோடு நிறுத்திய எர்த்சீக்கு 1990-ல் 'டெஹானு' நாவலோடு திரும்பினார். 18 ஆண்டு இடைவெளி. முதல் நூலில் ஆற்றல் மிக்க மந்திரவாதியாக வளர்ந்த கெட், இப்போது தன் ஆற்றலை முற்றிலும் இழந்து வீடு திரும்புகிறான். கதையின் மையத்தில் நிற்பவள் நடுவயதுப் பெண்ணான டெனார், அவளோடு தீயில் வெந்து பிழைத்த ஒரு குழந்தை. சிறுவயதில் எர்த்சீ படித்து மகிழ்ந்த சிலருக்கு இந்த நூல் அதிர்ச்சி தந்தது. நான் முதலில் படித்தபோது எனக்கும் பிடிக்கவில்லை, சாகசம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். பல ஆண்டு கழித்து, டெனாரின் வயதை நெருங்கிய பிறகு மறுபடி எடுத்தேன். ஆட்டுக்கொட்டில், அடுப்படி, இரவு முழுக்க விழித்திருந்து குழந்தையைக் கவனிப்பது என்று நகரும் அந்தப் பக்கங்களை அன்று ஒரே மூச்சில் படித்தேன். இப்போது ஆறு நூல்களில் எனக்கு மிக நெருக்கமானது அதுதான். உங்கள் அலமாரியிலும் அப்படி ஒரு முறை ஒதுக்கிவைத்த பாகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.